அஞ்சு அர்ச்சுனனுக்கு ஒரு மைல்

எங்கள் டெலிபோன் இலாகாவின் பழைய ஊழியர்கள் கூட்டத்துக்கு இப்போது வேலையில் இருப்பவர்களும் வருகிறார்கள். எங்கள் மேல் பிரியம் என்று சொல்வதற்கில்லை, சாப்பாடு நன்றாக இருக்கும். போன முறை என் பக்கத்து இலையில் உட்கார்ந்த பெண்ணுக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்திருந்தது. வடைகூட இறங்காமல் முழித்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"குளுரப் பத்திக் கவல இல்லைங்கம்மா, ஸ்வெட்டர் வாங்கிட்டேன். கோடையில அங்க தினம் மத்தியானம் இடி இடிக்குமாமே. நான் இடின்னா போர்வைக்குள்ள பூந்துக்கறவ. நீங்க அந்தக் காலத்துல போனக் காதுலயே மாட்டிக்கிட்டு எப்படிங்க உக்காந்திருந்தீங்க?"

பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. பாதிதான் சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவளும் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்தில் கிடக்கும் கடலூரில் உட்கார்ந்துகொண்டு இடி மின்னலைப் பற்றி நான் கற்றதெல்லாம் ஊட்டியிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாளிடம்தான். அதனால் இது ஊட்டிச் சரக்கு ஊட்டிக்கே திரும்பிப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். கீழ வீதியில் வீடு. நடராஜர் கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பெண்களை எடுத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்திருந்தேன். அப்பாவுக்கு மனசே இல்லை. "மொகம் தெரியாத ஆம்பளைங்களோட நாள்பூரா பேசறதா ஒரு வேலை?" என்றார். என் தாய்மாமாதான் அவரை மடக்கினார். "மொகம் தெரியலைங்கறதுதான் மச்சான் இதுல நல்ல விஷயம். நம்ம கோமதி பேச ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவன் மொகத்தப் பாக்க சகிக்காது." அப்பா சிரித்துவிட்டார், எனக்கு வேலை கிடைத்தது. கடலூரில் செம்மண்டலத்து அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. "நம்பர் ப்ளீஸ்" என்பதைச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வதற்கே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இப்போதைய பெண்களுக்கு அந்தப் போர்டைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். சுவரளவுக்கு ஒரு மரப் பலகை. அதில் ஊரிலுள்ள ஒவ்வொரு டெலிபோனுக்கும், வெளியூர் போகிற ஒவ்வொரு லைனுக்கும் ஒரு துளை, துளைக்கு மேலே ஒரு சின்னத் தகடு. அதை ஷட்டர் என்போம். ஒருவர் தன் வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய ஷட்டர் டக்கென்று விழும். நாங்கள் பிளக்கைச் செருகிக் கேட்போம், வேண்டிய இடத்துக்கு இன்னொரு பிளக்கைச் செருகுவோம், பிறகு எங்கள் கைப்பிடியைச் சுற்றி அந்தப் பக்கத்து மணியை அடிக்கவைப்போம். இதுதான் ரிங் கொடுப்பது. தலையில் ஒரு பட்டையும் காதில் ஒரு குமிழும் எப்போதும் இருக்கும். வெயில் காலத்தில் அந்தக் குமிழுக்குள் காது வெந்துபோகும்.

எங்களுக்குச் சூப்பர்வைசர் ஞானமணி அம்மா. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. அந்த நாளில் புடவைக்கு ஷூ போட்டவர்களை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை. பல வருஷம் ஊட்டியில் இருந்துவிட்டு வந்தவர். பெருக்குகிறவரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். யாராவது தப்பு செய்துவிட்டுப் படபடவென்று சமாதானம் சொன்னால், "மொதல்ல போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நம்முடைய சமாதானத்தில் பாதி நமக்கே பொய்யாகத் தெரியும். அவர் அறையில் பானையும் ஒரு பித்தளைத் தம்ளரும் அதற்காகவே இருந்தன என்று என்கூட வேலை பார்த்த பாக்கியம் சொல்வாள்.

என்னுடைய முதல் கோடை. கத்திரி வெயில் பிளந்துகொண்டிருந்தது. மத்தியானம் சிதம்பரம் லைனில் காதை வைத்திருந்தபோது உள்ளே 'கறக்' என்று ஒரு சத்தம், முறுக்கைக் கடித்த மாதிரி. கொஞ்சம் கழித்து வெளியே எங்கேயோ இடி உருண்டது. எங்கள் வீட்டுப் பழக்கம், என்னையும் அறியாமல் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றேன். லைனில் இருந்த வக்கீல் குமாஸ்தா, "அர்ச்சுனன் இல்லம்மா, நான் ஆறுமுகம்" என்றார். பாக்கியம் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஞானமணி அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். குடித்துவிட்டு வந்து நின்றேன்.

"இடி கேட்ட பெறகு அர்ச்சுனனக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? இடிங்கறது வெறும் சத்தம். அடிக்க வேண்டியத மின்னல் முன்னாடியே அடிச்சிட்டுப் போயிருக்கும். இடிய நீங்க கேக்கறீங்கன்னா தப்பிச்சிட்டீங்கன்னு அர்த்தம். இனிமே கொஞ்சம் முன்னாடியே கூப்பிடுங்க."

"எப்பங்கம்மா?"

"காதுல கறக்னு கேட்டுதில்ல, அதுதான் மின்னல். எங்க வெட்டுனாலும் நம்ம கம்பி அத அந்த நிமிஷமே கொண்டாந்து காதுல போட்டுடும். சத்தம் மெதுவாத்தான் நடந்து வரும். கறக்னு கேட்டதும் அர்ச்சுனா, அர்ச்சுனான்னு நிதானமா சொல்லிக்கிட்டே இருங்க. இடி வந்ததும் நிறுத்துங்க. அஞ்சு அர்ச்சுனனுக்கு ஒரு மைல்."

எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போய்விட்டது. பாக்கியம் வேதக்கார வீட்டுப் பெண். தான் அர்ச்சுனன் பேரைச் சொல்லலாமா என்று இழுத்தாள். ஞானமணி அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். "நான் சாமி கும்பிடச் சொல்லல பாக்கியம். அளவு சரியா இருக்கு, அவ்வளவுதான். வேற யார் பேரையாவது சொல்றதா இருந்தா அவசரப்படாம சொல்லுங்க, நீங்க எல்லாரையும் அவசரமாக் கூப்பிடறீங்க" என்றார். கடைசியில் பாக்கியமும் அர்ச்சுனனுக்கே வந்து சேர்ந்தாள்.

முப்பது அர்ச்சுனனுக்குள் இடி வந்துவிட்டால் காதுக் குமிழைக் கழற்றிவிட வேண்டும், போர்டை விட்டு எழுந்துவிட வேண்டும். கவர்னரே லைனில் இருந்தாலும் சரிதான். மின்னல் பக்கத்தில் கம்பியில் விழுந்தால் அது நேரே காதுக்கு வரும். பலகையைத் தொடக் கூடாது. குழாயைத் தொடக் கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையை ரசிக்கக் கூடாது, அதில்தான் எனக்குக் கஷ்டம். கடைசி இடி கேட்ட பிறகும் உடனே திரும்பி உட்காரக் கூடாது. அதற்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, டிகாஷன் இறக்கி, குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற நேரம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடியும் வறுப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யுத்த காலத்தில் காப்பிக்கொட்டைக்கு எங்கே போவது? மனசுக்குள்ளேதான் வறுப்போம். பாக்கியம் வாசனைகூட பிடிப்பாள்.

போர்டு சும்மா கிடக்கும் அந்த நேரத்தில்தான் ஊட்டிக் கதைகள் வரும். ஊட்டிக்குப் போகிற பெண்ணே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படி. அங்கே காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்குமாம். கோடை வெயிலில் மலைச்சரிவு சுட்டு, மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு எழும்பும். அதனால் வெளி வேலை, மேட்டில் ஏறுகிற வேலை எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். இங்கே மேகம் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் இருக்கிறது. அங்கே நாமே மேகத்துக்குள் நிற்போம், அர்ச்சுனனை எண்ண நேரம் கிடைக்காது. முதல் இடி கேட்டதுமே நல்ல கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். வெட்டவெளியில் தனியாக நிற்கும் தைலமரத்தடியில் ஒதுங்குவது மரத்தோடு சேர்ந்து சாவதற்குத்தான். ஒதுங்க இடமே இல்லாமல் மாட்டிக்கொண்டு தலைமயிர் குத்திட்டு நின்றால், பள்ளமாக ஓரிடம் பார்த்துப் பாதங்களைச் சேர்த்துவைத்துக் குந்திவிட வேண்டும், படுக்கக் கூடாது. ஞானமணி அம்மா இதை எங்களுக்குக் குந்திக் காட்டினார். கஞ்சிப் புடவை மடமடவென்று முறிந்தது. "சிரிச்சி முடிச்சீங்கன்னா நீங்களும் குந்துங்க" என்றார். மூன்று பேரும் போர்டுக்கு எதிரே குந்தி இருந்ததைத் தபால் கொண்டுவந்த ஆள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

நம் ஊரில் சங்கடம் வேறு. கோடை மழை வந்தால் நமக்குப் பயமே வருவதில்லை, சந்தோஷம்தான் வருகிறது. எங்கள் காம்பவுண்டில் ஒரு மாமரம். மழைக்கு முந்தின காற்று அடித்தால் காய் பொத்துபொத்தென்று விழும். ஒருநாள் பாக்கியம் போர்டை விட்டு எழுந்த கையோடு மடியைக் கட்டிக்கொண்டு அதன் அடிக்கு ஓடினாள். ஞானமணி அம்மா வாசலில் நின்று சாதாரணக் குரலில், "ஊறுகாய் போடறதுக்கு நீங்க இருக்கணும் பாக்கியம்" என்றார். பாக்கியம் பொறுக்கியதையும் போட்டுவிட்டு வந்தாள். மழைத்துளி விழுகிறவரைக்கும் மின்னல் ஒன்றும் செய்யாது என்பது நம் ஊர் ஆட்களின் நினைப்பு. மழை பெய்கிற இடத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே, வெயில் அடிக்கிற இடத்தில்கூட மின்னல் விழும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முக்கியமாகக் காசிம் பாய் நம்ப மாட்டார்.

காசிம் பாய் எங்கள் லைன்மேன். லால்பேட்டைக்காரர். சிதம்பரம் போகிற லைனில் எது அறுந்தாலும் சைக்கிளில் மூங்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். கம்பத்துக்கிட்டே போனதும் கையோடு கொண்டுபோகும் டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டி எங்களோடு பேசுவார். "தங்கச்சி, ஏறப் போறேன். ரிங்கு கிங்கு குடுத்து என்னை மவுத்தாக்கிடாதீங்க" என்பார். உடனே நாங்கள் அந்த லைனின் துளையில் ஒரு சிவப்பு ஆப்பைச் செருகிவிடுவோம். ஆப்பு இருந்தால் அந்த லைனில் யாரும் ரிங் கொடுக்கக் கூடாது. ரிங் கொடுக்கும்போது இரண்டு கம்பியிலும் கை வைத்திருந்தால் சுள்ளென்று இழுக்கும். அதனால் ஆள் சாகமாட்டார், ஆனால் கை விட்டுக் கீழே விழுந்தால் செத்துப்போவார். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய விதி கிடையாது. வேலை முடிந்து இறங்கியதும் அவர் மறுபடி பேசி, "எறங்கிட்டேன், ஆப்பப் புடுங்குங்க" என்பார். அதற்கப்புறம்தான் எடுப்போம்.

"மேகம் கட்டுனா எறங்கிடுங்க பாய்" என்று ஞானமணி அம்மா எப்போதும் சொல்வார். அவர் பதில் ஒன்றேதான். "ஒரு துளி மேல படட்டும்மா, எறங்கிடறேன். மழையே இல்லாம இடி எங்கேருந்து விழும்?"

அதுவும் கத்திரி நாள்தான். முந்தின நாள் சாயங்காலக் காற்றில் ஆலப்பாக்கம் தாண்டி ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் குமிழ்கள் உடைந்து, சிதம்பரம் லைன் முழுக்க ஒரே இரைச்சல். காசிம் பாய் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கம்பத்தடியிலிருந்து பேசினார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"தங்கச்சி, சவுக்குத் தோப்போரம் நிக்கறேன். இந்த ரெண்டு குமிழையும் மாத்திட்டேன்னா நாளைக்கு எனக்கு லீவு. பொண்ணு பொறந்து ஆறு நாளாவுது, இன்னும் மொகத்தப் பாக்கல. நாளைக்குப் பேர் வைக்கிறாங்க."

என் காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் என் வாய்க்கருவியை இழுத்து, "எங்க பேர வைங்க பாய்" என்றாள்.

"உங்க பேர வச்சா என் புள்ள நாள்பூரா நம்பர் ப்ளீஸ்னு அழும். சரி, ஏறறேன். இந்த பெல்ட்டு வேற இடுப்ப அறுக்குது."

ஆப்பைச் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விருத்தாசலம் லைனில் பேசிக்கொண்டிருந்தபோது காதில் கறக். எண்ணினேன். எண்ணி எண்ணி வாய் வலித்தது, இடி வரவில்லை. வெகுதூரம். விருத்தாசலம் எக்ஸ்சேஞ்சுப் பையன், "இங்க ஆலங்கட்டி கொட்டுதுங்க, காத்து கெழக்கால தள்ளுது" என்றான். எங்கள் ஜன்னலில் கடல் பக்கத்து வானம் நீலமாக இருந்தது. அடுத்த கறக்குக்கு ஐம்பதில் இடி வந்தது. அதற்கடுத்து நாற்பது. பிறகு முப்பதுக்குள் வந்துவிட்டது. ஞானமணி அம்மா கையைத் தூக்கினார். குமிழைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தோம்.

எழுந்த பிறகுதான் சிவப்பு ஆப்பு கண்ணில் பட்டது.

காசிம் பாய் இன்னும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் பேசியிருப்பார். அவர் நிற்கிற இடம் எனக்குத் தெரியும், ரயிலில் போகும்போது பார்த்திருக்கிறேன். மேற்கே உயரமாகச் சவுக்குத் தோப்பு. அவர் கண்ணுக்குக் கடல் பக்கத்து வானம் மட்டும்தான் தெரியும். காற்றடித்தால் சவுக்கு போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டாலே கேட்காது, இடி எப்படிக் கேட்கும்? மேலே துளி விழுந்தால்தான் இறங்குவேன் என்கிற மனுஷன் வேறு. ஆள் அனுப்பலாம் என்றால் பத்து மைல், ஆலப்பாக்கத்து அரிசி மில்லுக்கு ரிங் கொடுத்துச் சொன்னாலும் அங்கிருந்து ஆள் போய்ச் சேர அரை மணி ஆகும். அவரிடம் போய்ச் சேர்வதற்கு இருந்த ஒரே வழி அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கம்பிதான்.

"ரிங் குடுத்தா என்னங்கம்மா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஞானமணி அம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு தானே குடித்தார். அவர் தனக்காக அந்தத் தம்ளரை எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பெல்ட் போட்டிருக்காரா?"

"இடுப்ப அறுக்குதுன்னு சொன்னாரும்மா."

"அப்ப போட்டிருக்காரு. பெல்ட் இருந்தா கை விட்டாலும் தொங்குவாரு, விழமாட்டாரு." தம்ளரைப் பானைமேல் கவிழ்த்தார். "ரிங் அடிச்சா அவருக்கு வலிக்கும். கோவம் வரும். கோவம் வந்தா எறங்கி வந்து நம்மளோட சண்ட போடுவாரு. எனக்கு அது போதும்."

ரப்பர் பாயைப் போர்டுக்கு முன் இழுத்துப் போட்டார். அதன்மேல் மர முக்காலியை வைத்து ஏறி நின்றார். காய்ந்த துண்டைக் கைப்பிடியில் சுற்றினார். "பாக்கியம், நீங்க வாசப்படிக்குப் போங்க. கோமதி, ஷூவப் போட்டுக்கிட்டு நிக்கறது நான், அதனால நான் சுத்தறேன். நீங்க ஆப்ப மட்டும் எடுத்துட்டு நகந்துடுங்க. ஒரு கைதான். இன்னொரு கையப் பின்னால கட்டிக்குங்க."

ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறு கையால் ஆப்பை உருவினேன். அவர் பிளக்கைச் செருகி மூன்று தடவை வெடுக்கென்று சுற்றினார். காத்திருந்தோம். பதிலுக்குச் சிதம்பரம் ஷட்டர் விழவில்லை. மறுபடியும் மூன்று. வெளியே மின்னியது, பன்னிரண்டில் இடித்தது. ஷட்டர் அப்படியே இருந்தது. "போதும்" என்று பிளக்கை உருவிவிட்டு இறங்கினார். இரண்டு பேரும் பின்வாங்கி வாசற்படிக்கு வந்து, அங்கிருந்தே ஷட்டரைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றிருப்போம்.

அறை முழுக்க வெள்ளையானது. ஃபியூஸ் பலகையில் நீலமாக ஒன்று குதித்து, வெங்காய வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போர்டில் இருந்த ஷட்டர் எல்லாம் ஒன்றாகச் சடசடவென்று விழுந்தன. சிதம்பரம் லைனின் ஃபியூஸ் கருகி நாற்றமடித்தது. பிறகு மழை ஓட்டில் இறங்கியது.

நான் வாய்விட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மின்னல் அவர் இருந்த இடத்தில் விழுந்ததோ, அதற்கு முன்னால் எங்கள் ரிங்கே அவரைத் தள்ளிவிட்டதோ, யாருக்குத் தெரியும்? ஆறு நாள் பிள்ளை. யோசனையைச் சொன்னது நான். பாக்கியம் ஜெபமாலையை உருட்டினாள். ஞானமணி அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார், மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார்.

"பெல்ட்டப் பத்தித் தெளிவாத்தானே சொன்னாரு?" என்று என்னைக் கேட்டார். சொன்னாரும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

இடி கடல் பக்கம் நகர்ந்தது. மழை விட்டது. நாங்கள் மனசுக்குள் காப்பிக்கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தபோது, விழுந்து கிடந்த ஷட்டர்களில் ஒன்று டக்டக்கென்று ஆடத் தொடங்கியது. ஆலப்பாக்கத்து அரிசி மில், அதற்குத் தனி லைன். நான் பாய்ந்தேன்.

"உக்காருங்க கோமதி. இன்னும் அரைக்கவே ஆரம்பிக்கல."

"அம்மா, மில்லுலேருந்து யாராவது சேதி சொல்றாங்களோ என்னவோ."

"சேதி எங்கயும் ஓடிடாது."

ஷட்டர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் யாரோ விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நிறுத்துவதும், மறுபடி வெறியோடு சுற்றுவதுமாக இருந்தது. அந்தச் சின்னத் தகடு ஆணியில் தெறித்துத் தெறித்து ஆடியது. ஞானமணி அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

"மில்லு மொதலாளி ரொம்ப சாதுவான மனுஷன்" என்றார். "இவ்வளவு கோவமா அவரு சுத்தமாட்டாரு."

அப்போதும் எங்களை விடவில்லை. அரைத்து, இறக்கி, குடித்து, தம்ளரைக் கவிழ்த்த பிறகுதான் தலையசைத்தார். பிளக்கைச் செருகினேன்.

"எவ அவ ரிங்கு அடிச்சது?"

என் ஆயுசில் அதைவிட நல்ல சொல்லை நான் கேட்டதில்லை. குமிழை ஞானமணி அம்மாவிடம் நீட்டினேன். அவர் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நாங்கள் தள்ளி நின்றிருந்தும் எங்களுக்கும் கேட்டது.

"ஆப்பு போட்டிருக்கறப்ப ரிங்கு அடிக்கிறீங்களே, நான் மனுஷனா மாடா? கை ரெண்டும் மரத்துப்போயி பெல்ட்டுல தலகீழாத் தொங்கறேன். குறடு கீழ விழுந்து டெஸ்ட் போன் ரெண்டாப் போச்சு. அது மட்டும் நல்லா இருந்திருந்தா அங்கேருந்தே கிழிச்சிருப்பேன். ஒரு தரம் அடிச்சது பத்தாதுன்னு ரெண்டாந்தரம் வேற. போங்கடா நீங்களும் உங்க லைனும்னு பெல்ட்ட வீசிட்டு சைக்கிள மிதிச்சி வந்து அரமணி நேரமா சுத்தறேன், எடுக்க ஆளில்ல. எனக்கு நம்ம டெலிபோன் இன்ஸ்பெக்டருக்கு லைன் குடுங்க. இப்பவே புகார் சொல்லணும்."

"தாராளமா சொல்லுங்க பாய். குடுக்கறேன்" என்று அவரே பிளக்கைச் செருகி இன்ஸ்பெக்டருக்கு இணைத்தார். தன் மேலேயே வருகிற புகாருக்குத் தன் கையாலேயே லைன் கொடுத்தவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. காசிம் பாய் பேசி முடித்ததும் இவர் மறுபடி குறுக்கே வந்து, "பாய், வானம் வெளுத்துடுச்சு. ஒரு தரம் போய்க் கம்பத்தப் பாத்துட்டு வந்து என்கிட்ட பேசுங்க. தனியா மரம் எதுக்கும் அடியில நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மில் ஷட்டர் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு சுற்று, அதுவும் மெதுவாக.

"அம்மா."

"சொல்லுங்க பாய்."

"கம்பத்துத் தலையக் காணோம்மா. பாதி வரைக்கும் பொளந்து கெடக்கு. ஏணி செதறிப் போச்சு. வீசிட்டுப் போனேனே பெல்ட்டு, அது கரிக்கட்டையாக் கெடக்கு. தோப்புக்காரன் சொல்றான், வெட்டுனப்ப ஒரு துளி மழகூட இல்லியாம்." குரல் உடைந்துபோயிற்று. "யா அல்லா, என் புள்ள மொகத்த நான் பாக்காமலே போயிருப்பேனே."

"தண்ணி குடிச்சீங்களா பாய்?"

"இல்லம்மா."

"குடிங்க. குடிச்சிட்டு அப்படியே ஊருக்குக் கெளம்புங்க."

"லைனு செத்துக் கெடக்குதேம்மா."

"அத எழுப்பிக்கலாம். நீங்க போங்க."

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சிவந்த முகம், பெரிய மீசை, விதி என்றால் விதி. எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினார். சிவப்பு ஆப்பைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டே, வேலை நடக்கிற லைனில் ரிங் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஞானமணி அம்மா, "நான்தாங்க" என்றார். ஒரு மனுஷன் உயிரோடு விளையாடுகிற காரியம் இது தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். தெரியுமுங்க என்றார் இவர். வேலையே போய்விடும் தெரியுமா என்றார். அதற்கும் தெரியுமுங்க என்றார். குரல் தணிந்துகொண்டே போனது, ஆனால் நடுங்கவில்லை. பித்தளைத் தம்ளரில் தண்ணீர் மொண்டு அவருக்கு எதிரே வைத்தார்.

"விசாரணை பண்ணியாகணும். புகார் சொன்ன ஆள் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பொண்ணுக்குப் பேர் வைக்க லால்பேட்டைக்குப் போயிருக்காருங்க. அவரு ஏறியிருந்த கம்பம் பாதி வரைக்கும் பொளந்து கெடக்குதுங்க."

இன்ஸ்பெக்டர் கருகிப்போன ஃபியூஸ் பலகையைப் பார்த்தார். ஞானமணி அம்மாவைப் பார்த்தார். பிறகு ஆப்பைக் கீழே வைத்துவிட்டு, தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"என்ன பேரு வைக்கிறாங்களாம்?" என்று கேட்டார்.